பழைய ஜிப்ஸியை மலைப்பயணத்துக்குத் தயார் செய்வது எப்படி

மாருதி ஜிப்ஸி என்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்கியவர்களுக்கு முதலில் வரும் ஆசை பெரிய டயர். அடுத்து முன்னால் ஒரு வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை), மேலே ஒரு வரிசை விளக்கு. இருபது வயது வண்டிக்கு இவை எல்லாம் கடைசி வேலைகள். கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி நின்றதோ, திரும்பியதோ, அந்த நிலைக்கு முதலில் வண்டியைக் கொண்டுவர வேண்டும். ஆட்டம் காணும் ஸ்டீயரிங்கோடு பெரிய டயர் போட்டால் ஆட்டமும் பெரிதாகத்தான் ஆகும்.

எந்த ஜிப்ஸி என்று தெரிந்துகொள்வது முக்கியம். 1985 டிசம்பரில் வந்தது 970 சிசி எஞ்சினும் 4 கியரும் கொண்ட எம்.ஜி.410. 1996-ல் 1.3 லிட்டர் எஞ்சினோடு ‘ஜிப்ஸி கிங்’ வந்தது, அதுவும் கார்புரேட்டர்தான். 2000-த்தில் 16 வால்வு, 80 குதிரைத்திறன் கொண்ட எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிப்பது) வந்து, 2019-ல் விற்பனை முடியும்வரை அதுவே ஓடியது. புதிதாக வாங்குபவர் எம்.பி.எஃப்.ஐ. வண்டியையே தேடுங்கள். மேலே ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். அதற்கேற்ப பெட்ரோலை அது தானே குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டி 4,000 மீட்டருக்கு மேல் கரும்புகை விட்டுத் திணறும்.

இந்த வழிகாட்டி எம்.பி.எஃப்.ஐ. வண்டியை மனதில் வைத்து எழுதியது. அச்சு, ஸ்பிரிங், ஸ்டீயரிங் பற்றிய பகுதிகள் எல்லா ஜிப்ஸிக்கும் பொருந்தும்.

வாங்கும் முன்: சுத்தியலும் டார்ச்சும்

எஞ்சின் கெட்டால் மாற்றலாம், கியர்பாக்ஸும் கிடைக்கும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் துருப்பிடித்திருந்தால் அந்த வண்டி வேண்டாம். வெயிலில் பளபளவென்று நிற்கும் புது பெயின்ட்டைப் பார்க்காமல், தரையில் படுத்து அடியில் பாருங்கள். பின் ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் மாட்டியிருக்கும் இடம், பாடி சேஸிஸில் உட்காரும் ரப்பர் மவுன்ட்டுகள், பெட்ரோல் டாங்குக்கு மேல்பக்கம், டிரைவர் காலடி மிதியடிக்குக் கீழ், முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பு ஆகிய இடங்களில் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்னும். துரு தின்ற இரும்பு ‘தப்’ என்று செத்த ஓசை தரும்.

அடிப்பகுதி முழுக்கக் கறுப்பாகத் தார் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். துருவின் மேல் பூசிய தார் அதைத் தடுப்பதில்லை; ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து இன்னும் வளர்க்கும். சரியான முறை: கம்பி பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் பூசி, சேஸிஸின் உட்குழிவுக்குள் மெழுகு ஸ்பிரே அடிப்பது. வெல்டிங் வைக்க நேர்ந்தால் பேட்டரியின் நெகடிவ்வையும் எஞ்சின் கம்ப்யூட்டரின் பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். பக்கத்தில் டாங்க் இருந்தால் அதையும் இறக்கிவிட வேண்டும்.

ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி நிறைய கிடைக்கும். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பச்சை நிறத்தின் மேல் ஆசை வைக்காதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது.

முதல் வாரம்: எல்லா எண்ணெயும் புதிது

முன்னால் வைத்திருந்தவர் எப்போது எதை மாற்றினார் என்ற வாய்மொழியை நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் வடித்துவிட்டு இன்றைய கிலோமீட்டரை எழுதிவைத்துத் தொடங்குங்கள்.

ஒரே ஒரு விதி: எண்ணெய் ஊற்றும் மேல் போல்ட்டை முதலில் திறந்து பார்த்த பிறகே கீழ் போல்ட்டைத் திறக்க வேண்டும். எண்ணெய் முழுவதையும் வடித்தபின் மேல் போல்ட் துருப்பிடித்துத் திறக்காமல் போனால், வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கும்.

கியர்பாக்ஸுக்குச் சுமார் 1.3 லிட்டர், முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 0.8, முன் கிரவுனுக்கு (அச்சில் உள்ள பல்சக்கரப் பெட்டி) 2, பின் கிரவுனுக்கு 1.5 லிட்டர் பிடிக்கும். வண்டி சமதளத்தில் நிற்க, மேல் துளையில் எண்ணெய் வழியத் தொடங்கினால் அதுவே சரியான அளவு. கிரவுனுக்கு ஜி.எல்.5 வகை 80டபிள்யூ-90 வேண்டும். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஜி.எல்.4. ‘ஐந்து பெரிசு, எல்லாத்துக்கும் அதையே ஊத்திடலாம்’ என்று பட்டறையில் சொல்வார்கள். ஜி.எல்.5-இல் உள்ள கந்தகச் சேர்மானம் கியர்பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடியது. இரண்டு வகையும் தனித்தனியாக வாங்குங்கள்: ஜி.எல்.5 நான்கு லிட்டர், ஜி.எல்.4 இரண்டரை லிட்டர்.

வடித்த எண்ணெயை வெள்ளைப் பாத்திரத்தில் பிடியுங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மாவு மாதிரி இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. சில்லுச் சில்லாக இருந்தால் கிரவுனைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

டைமிங் பெல்ட் எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றிவிடுங்கள். டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள். வாட்டர் பம்ப் அதே மூடிக்குப் பின்னால் இருப்பதால் அதையும் ஒரே கூலியில் முடித்துவிடலாம்.

பெட்ரோல் ரப்பர் குழாய்களை இன்று பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இருபது ஆண்டுப் பழைய ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. குழாயை விரலால் மடித்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால், பிசுபிசுத்தால் மாற்றுங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் அழுத்தம் அதிகம் என்பதால் ‘ஆர்9’ என்று அச்சிட்ட குழாய்தான் வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் சாதாரணக் குழாய் தாங்காது. வளைவில் திரும்பும்போது மட்டும் பெட்ரோல் வாடை வந்தால், டாங்கின் கழுத்தை இணைக்கும் பெரிய குழாய் வெடித்திருக்கிறது என்று அர்த்தம்.

முன் அச்சு: ஜிப்ஸியின் பலவீனம் இங்கேதான்

மணிக்கு 50, 60 கிலோமீட்டரில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கைக்கு அடங்காமல் இடமும் வலமும் உதறும். வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். நிறையப் பேர் அதிர்வைத் தாங்கும் ஸ்டீயரிங் டேம்பரை மாற்றிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்பார்கள். டேம்பர் நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. நான்கு மாதத்தில் அதே உதறல் திரும்பி வரும்.

எங்கே ஆட்டம் என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாக, அதாவது கடிகாரத்தின் 12, 6 நிலைகளில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். அப்போதும் ஆடினால் கிங்பின் (சக்கரம் இடமும் வலமும் திரும்பும் முளை) பேரிங்கில். பிறகு 3, 9 நிலையில் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆடினால் டை ராட் எண்டுகள், அதாவது முன் சக்கரங்களை இணைக்கும் ஸ்டீயரிங் கம்பியின் முனைகள்.

கிங்பின் பேரிங் ஒரு பக்கத்துக்கு 2, ஆக மொத்தம் 4. நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். வேலை இந்த வரிசையில் போகும்:

1. சக்கரம், பிரேக் காலிப்பர், ஹப், ஸ்பிண்டில், உள்ளிருக்கும் அச்சுத் தண்டு என ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். காலிப்பரைக் கம்பி கட்டி ஸ்பிரிங்கில் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் தொங்கவிட்டால் குழாய் உள்ளே கிழியும், வெளியே தெரியாது.
2. அச்சுக் குழாயின் முனையில் உள்ள இரும்பு உருண்டையின் பின்பக்கம் உள்ள சீல் வளையத்தின் 8 சிறு போல்ட்டுகளைக் கழற்றுங்கள்.
3. மேல் கிங்பின், கீழ் கிங்பின் ஒவ்வொன்றிலும் 4 போல்ட். அடியில் காகிதம் போல மெல்லிய உலோகத் தகடுகள், அதாவது ஷிம், இருக்கும். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று தனித்தனிக் கவரில் போட்டு எழுதிவையுங்கள். இந்த இடத்தில் சோம்பினால் பின்னால் அரை நாள் போகும்.
4. பழைய பேரிங்கின் வெளிவளையத்தைத் தட்டி எடுத்து, புதியதைப் பித்தளைக் கம்பி வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி உட்காரவையுங்கள். நேரடியாகச் சுத்தியல் படக்கூடாது.
5. கிரீஸ் வைத்துக் கோர்த்ததும், சீல் மாட்டும் முன், டை ராட் மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கோர்த்து இழுங்கள். 1 முதல் 1.8 கிலோ இழுவையில் அசையத் தொடங்க வேண்டும். அதைவிட லேசாக வந்தால் ஒரு ஷிம்மை எடுங்கள், இறுகும். கனமாக இருந்தால் ஒன்றைச் சேருங்கள்.

உருண்டை திறந்திருக்கும்போதே அச்சுக் குழாயின் முனையில் உள்ள ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். மலிவான பொருள்தான். அது போனால் கிரவுன் எண்ணெய் உருண்டைக்குள் வந்து கிரீஸைக் கரைத்து, டயரின் உட்பக்கம் கறுப்பாக வழியும். முன் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய்ப் பசை கண்டால் காரணம் பெரும்பாலும் இதுவே.

டிரான்ஸ்ஃபர் கேஸும் கிராஸும்

ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியதல்ல. தனியாக மூன்று ரப்பர் மவுன்ட்டில் தொங்குகிறது; நடுவில் ஒரு குட்டைத் தண்டு இரண்டையும் இணைக்கிறது. மவுன்ட் ரப்பர் கிழிந்தால் கியர் லீவர் கையில் உதறும், கிளட்ச் விடும்போது ‘டொக்’ என்று அடிக்கும். பெட்டியையே மாற்றச் சொல்பவர்களிடம் முதலில் ரப்பரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று தண்டுகளின் மூட்டுகளான யூ.ஜே. கிராஸ்களையும் கையால் முறுக்கிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் மாற்ற வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸை வாங்கி, 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையும் ஒவ்வொரு ஆற்றுக் கடப்புக்குப் பின்னும் கிரீஸ் அடியுங்கள்.

தார்ச் சாலையில் ஃபோர் வீல் போடாதீர்கள். இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஓடும் தூரம் வேறுபடும். சறுக்க இடமில்லாத தரையில் அந்த முறுக்கு முழுவதும் கிராஸ்களிலும் பெட்டியிலும் விழும்.

டயர்: கணக்குப் போட்டு வாங்குங்கள்

கம்பெனி அளவு 205/70 ஆர்15. அதன் உயரம் 668 மி.மீ. பலர் போடும் 235/75 ஆர்15-ன் உயரம் 733 மி.மீ. தரையிலிருந்து கிரவுனுக்குக் கூடும் இடைவெளி பாதிதான், 33 மி.மீ. அதற்குக் கொடுக்கும் விலை என்ன? டயர் ஏறக்குறைய 10 சதவீதம் பெரிதானதால் எல்லா கியரும் 10 சதவீதம் உயரமாகிவிடும், அதாவது இழுவை அந்த அளவு குறையும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் போகும். பிரேக்குக்கும் அதே அளவு வேலை கூடும்.

சமவெளியில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. உயரத்தில் கதை வேறு. 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். 80 குதிரை அங்கே 50-ஐத் தொடாது. அந்த எஞ்சினுக்கு 10 சதவீத உயர கியரையும் கொடுத்தால், ஏற்றத்தில் முதல் கியரில் கிளட்ச் எரியும் வாடைதான் வரும். நடுவழியாக 215/75 ஆர்15 இருக்கிறது: உயரம் 703 மி.மீ., கியர் மாற்றம் 5 சதவீதம், இடைவெளி 18 மி.மீ. கூடும். ஸ்பிரிங்கைத் தொடாமலே பொருந்தும். புதியவருக்கு இதற்கு மேல் தேவையில்லை.

டயரின் அளவைவிடக் காற்றின் அளவு அதிகம் வேலை செய்யும். கல்லும் மண்ணும் கலந்த பாதையில் 18 பி.எஸ்.ஐ., மணலில் 14 வரை இறக்கலாம். இறக்கியபின் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. கூர்மையான திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஆகவே 12 வோல்ட் காற்று பம்ப்பும் ஒரு நல்ல காற்றழுத்த மானியும் வின்ச்சுக்கு முன்னால் வாங்க வேண்டியவை.

ஸ்பிரிங், பாரம்

நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். வண்டி குதிரை மாதிரி குதிக்கும் என்ற புகாருக்குப் பாதிக் காரணம் பட்டைகளுக்கு நடுவே படிந்த துரு, மீதி காய்ந்துபோன புஷ். ஸ்பிரிங் பட்டைகளின் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவிக் கோர்த்தாலே வித்தியாசம் தெரியும்.

புஷ் மாற்றும்போது பலரும் செய்யும் தவறு ஒன்று: வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே ஷாக்கிள் போல்ட்டை முழுதாக இறுக்குவது. அப்படிச் செய்தால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழியும். கையால் மாட்டி, சக்கரம் தரையில் பட்டு வண்டியின் பாரம் முழுவதும் இறங்கிய பிறகு இறுக்குங்கள். ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை முதல் 100 கிலோமீட்டரில் ஒரு முறையும் 500-ல் ஒரு முறையும் மறுபடி இறுக்க வேண்டும்.

உயரம் கூட்ட மலிவான வழி என்று நீளமான ஷாக்கிளை விற்பார்கள். முன்பக்கம் அதைப் போட்டால் கேஸ்டர் கோணம் (கிங்பின்னின் பின்சாய்வு) குறைந்து, ஸ்டீயரிங் தானாக நேராகாது. அச்சுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கை மேலே மாற்றிவைக்கும் முறையில் ஏறக்குறைய 5 அங்குலம் உயரும். கூடவே பிரேக் குழாய், ஸ்டீயரிங் இணைப்பு, தண்டுகளின் கோணம் எல்லாமே மாற வேண்டும். முதல் வண்டியில் அதைத் தொடாதீர்கள்.

வண்டியின் எடை ஏறக்குறைய 1 டன். ஆளும் பொருளும் சேர்த்து அரை டன்னுக்குள் நிற்க வேண்டும். இரண்டு பேர் 150 கிலோ, 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ, 20 லிட்டர் பெட்ரோல் கேனோடு 20 கிலோ, கருவிகள் 25, இரும்பு பம்பரும் வின்ச்சும் 70, கூரைச் சட்டமும் கூடாரமும் 80. சமையல் சாமானும் பையும் இன்னும் ஏறவில்லை, அதற்குள் 365 கிலோ. கூரையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் சரிவில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். கனமானவை பின் இருக்கையை எடுத்த இடத்தில், தரையோடு, அச்சுக்கு முன்னால் இருக்கட்டும்.

டாங்க் 40 லிட்டர். மணாலி–லே பாதையில் ‘தாண்டி’ என்ற ஊரின் பெட்ரோல் பங்க் பலகை ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்று சொல்லியே பெயர்பெற்றது. மலையில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்றால் டாங்க் 320-ல் காலி. ஒரு இரும்பு கேன் கட்டாயம்.

தண்ணீர் உள்ளே போகும் வழி

ஆற்றில் இறங்கும்போது கிரவுன் சூடாக இருக்கும். குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இதைத் தடுக்க இரண்டு கிரவுனின் மேலும் உள்ள மூச்சுத் துளையில் ஒரு குழாயை மாட்டி, முன்னதை எஞ்சின் பகுதியின் மேல் மூலைக்கும் பின்னதை டெயில் லைட் உயரத்துக்கும் கொண்டுபோய்க் கட்டுங்கள். சில நூறு ரூபாய் வேலை. இந்த வண்டியில் செய்யும் மாற்றங்களிலேயே செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். ஆழம் முழங்காலைத் தாண்டினால், அல்லது நடந்துபோய்ப் பார்க்க முடியாத வேகத்தில் நீர் ஓடினால், இறங்க வேண்டாம். பனி உருகும் ஆறுகளில் காலையில் நீர் குறைவு, மாலையில் அதிகம்.

மின்சாரம்

ஹெட்லைட் மங்கலாக இருந்தால் பல்பைக் குறை சொல்லும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சின் ஓட, பேட்டரியில் 14 வோல்ட், பல்பின் பின்னால் 11.5 என்றால் மீதி ஒயரிலும் சுவிட்ச்சிலும் சூடாகப் போகிறது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தனி ஒயர் கொடுத்தால் அதே பல்ப் பளிச்சென்று எரியும். பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டைகளைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

கூடவே போக வேண்டியவை

10, 12, 14, 17 ஸ்பேனர்களும் 19 வீல் ஸ்பேனரும் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். உதிரியாக ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் குழாய்கள், ஒரு கிராஸ், முன் வீல் பேரிங் ஒரு ஜோடி, பிரேக் குழாய் ஒன்று, பெட்ரோல் ஃபில்டர், ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட், இரண்டு யூ போல்ட். கிளட்ச் கேபிளும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும் கட்டாயம். ஜிப்ஸியின் கிளட்ச் கேபிளில்தான் இயங்குகிறது. அது அறுந்துவிட்டால் ஃபோர் வீல் லோ (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை), முதல் கியரில் போட்டு அப்படியே ஸ்டார்ட்டரை அடியுங்கள். வண்டி ஊர்ந்தபடியே கிளம்பிவிடும். அடுத்த நிழல் வரை போய்ச் சேரலாம்.

இழுக்கக் கயிறு கட்டும் இடத்தைக் கவனியுங்கள். முன்னால் இருக்கும் மெல்லிய வளையம் லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கானது. சேறு பிடித்த வண்டியை அதில் இழுத்தால் பிய்ந்து பறக்கும். சேஸிஸில் தடித்த தகடு வைத்து, 10.9 தர போல்ட் போட்டு மாட்டிய கொக்கிதான் தாங்கும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் ஷாக்கிள் (இது ஸ்பிரிங் ஷாக்கிள் அல்ல) 3.25 டன் என்று பொறித்ததாக வாங்குங்கள். கயிறு விறைக்கும்போது யாரும் அருகில் நிற்கக்கூடாது.

காகிதங்கள்

சொந்த வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தால் எஃப்.சி. பார்த்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முன்பக்கத் தடுப்புக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. இரும்பு பம்பருக்குப் பணம் ஒதுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள். வடக்கே போகிறவர்கள், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு டெல்லி வட்டாரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டின் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டு வழியை முடிவு செய்யுங்கள்.

சோதனை ஓட்டம்

லடாக்குக்கு நேரே கிளம்பாதீர்கள். பயணத்துக்கான முழுப் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போய் வாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவு. ஏற்றத்தில் ரேடியேட்டரும் இறக்கத்தில் பிரேக்கும் தங்கள் நிலையைச் சொல்லிவிடும். வெப்பமுள் பாதியைத் தாண்டினால் ஓரங்கட்டி, எஞ்சினை உடனே அணைக்காமல் சும்மா ஓடவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

கீழே இறங்கியதும் ஒரு கிலோமீட்டர் பிரேக் அதிகம் தொடாமல் உருட்டி நிறுத்தி, நான்கு ஹப்பின் அருகிலும் புறங்கையை வையுங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் அதிகமாக இறுகியிருக்கிறது. அன்றைக்கே கழற்றிப் பாருங்கள்.